ரப்பர்ப் பாலும் தண்ணீர்க் கணக்கும்

உளி, மங்கு, வாளி இவற்றின் கதை பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. சீவிக் கொண்டுவந்த பால் ஸ்டோருக்குள் போனபின் அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு திராவகம் சேர்த்தார்கள் என்ற கணக்கின் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அமேசான் காடுகளில் இந்தக் கணக்கே இல்லை. ஒரு கழியின்மேல் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, புகையில் காட்டி, பெரிய உருண்டையாகத் திரட்டினார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டமாகவே நட்டார். தோட்டம் என்றானபின் நாள்தோறும் குவியும் பாலைக் கழியில் சுற்றிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்கு வழி காட்டியவர் ஜான் பார்க்கின். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1898-99இல் ஆராய்ந்த அவர், காடியில் உள்ள அசெட்டிக் திராவகத்தைச் சிறிதளவு சேர்த்தால் பால் நன்றாக உறையும் என்று கண்டார். பின்னாளில் பார்மிக் திராவகம் அந்த இடத்தைப் பிடித்தது. மரத்தில் கெரெங்கா எறும்பு கடித்து எரிந்திருக்கிறதல்லவா? அந்த எறும்பிடம் இருப்பதும் அதே திராவகம்தான்.

திராவகத்தை அப்படியே ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். மற்றது பாலாகவே நிற்கும். ஒரே சீரான தாள் வராது. ஆகவே பாலையும் நீர்க்க வைத்தார்கள், திராவகத்தையும் நீர்க்க வைத்தார்கள்.

பாலில் ரப்பர் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் கூடுதலாக உள்ள பாலில் கருவி ஆழமாக இறங்கும். பால் கெட்டியாக இருந்தால் மிதவை சரியாக நிற்காது. அதனால் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அளந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்கினார்கள். கருவி லிட்டருக்கு 110 கிராம் காட்டினால் அசல் பாலில் 330 கிராம். 20 லிட்டர் பாலில் 6,600 கிராம், அதாவது 6.6 கிலோ ரப்பர்.

உலர்ந்த ரப்பரின் எடைக்குக் கூலி கொடுத்த தோட்டங்களில் குடும்பத்தின் அரிசியும் பருப்பும் இந்தப் பெருக்கலில்தான் இருந்தன. மழைநீர் கலந்து லிட்டருக்கு 250 கிராமாகிவிட்டால் அதே 20 லிட்டரில் 5 கிலோதான். தூக்கிவந்த சுமை குறையவில்லை, ரப்பர்தான் குறைந்தது. வாளியைச் சுமந்தவருக்கு இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை என்பதே என் குறை.

இனி உறைய வைக்கும் கணக்கு. தாளுக்கு லிட்டரில் 120 கிராம் அளவு போதும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றினாலும் 6,600 கிராம் ரப்பர் மாறாது. அதை 120ஆல் வகுத்தால் 55. ஆகவே 20 லிட்டர் பாலோடு 35 லிட்டர் தண்ணீர்.

திராவகத்துக்கும் இதே வழிதான். 90 விழுக்காட்டை 2 விழுக்காடாக்க வேண்டுமானால் 45 மடங்கு: ஒரு கிலோ திராவகத்துக்கு 44 கிலோ தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றி, அதனுள் திராவகத்தை மெல்லச் சேர்ப்பார்கள். தலைகீழாகச் செய்தால் கெட்டித் திராவகம் கண்ணிலும் கையிலும் தெறிக்கும், தோல் வெந்துபோகும்.

1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தபின் கட்டி ரப்பர் பெருகி, தாள் ரப்பர் குறையத் தொடங்கியது. பல தோட்டங்கள் செம்பனைக்கும் மாறின. ஆனாலும் மங்கில் வடியும் பாலுக்கு ரப்பர் விழுக்காடு பார்த்துத்தான் இன்றும் விலை போடுகிறார்கள்.