ஒரு பேப்பர், பல கைகள்

நம் விடுதி வாசிப்பறையை மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் முழுசாக வரும் பேப்பர், டிபன் மணி அடிப்பதற்குள் தாள் தாளாகப் பிரிந்துவிடும். "டேய், ஸ்போர்ட்ஸ் பேஜ் யார்கிட்டடா இருக்கு?" கிடைக்காதவன் கையில் அகப்பட்ட தலையங்கத்தைப் படித்தே தீரவேண்டும். காவிரிப் பிரச்சினை எனக்குப் புரிந்தது அப்படித்தான்!

இந்தக் கூட்டு வாசிப்பு நாம் கண்டுபிடித்ததல்ல. ஜி. சுப்பிரமணிய அய்யர் 1882-ல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-ல் நாளிதழானது. ஆனால் அது பெரும்பாலும் படித்தவர்கள் வீட்டுப் பத்திரிகை. 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யை ஆரம்பித்தார். பேச்சுக்கு நெருக்கமான சின்னச் சின்ன வாக்கியங்கள், கொட்டை எழுத்துத் தலைப்புகள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் கேட்டுக்கொண்டு நிற்பார். எங்க தாத்தா எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தத் தலைப்புகளில்தான்.

1995-ல் 'தி இந்து' இணையத்தில் ஏறியது. அப்போதும் ஆசிரியர் அடுக்கிய வரிசைதான் எல்லாருக்கும். வரிசையைக் கலைத்தது கைப்பேசி. நேற்று நான் எதைத் தொட்டேனோ, அதற்கேற்பத்தான் இன்று செய்தி வருகிறது. (இப்படிப்பட்ட மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குவதில் நம்மவர்களும் உண்டு!)

போன வருஷம் எங்க தெருவை அகலப்படுத்த வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. என் போனில் அன்று முழுக்க கிரிக்கெட். ராத்திரி அப்பாதான் கூப்பிட்டு, பேப்பரை வரிவரியாகப் படித்துக்காட்டினார்.