மெய்நிகர் அலுவலகத்துக்கு யார் வந்தார்கள்?

ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை பார்ப்பவர்களை ஒரே மெய்நிகர் உலகத்தில் கூட்டும் முயற்சி பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்ததல்ல. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பேவல் கர்டிஸ் 1990-இல் உருவாக்கிய லாம்ப்டாமூ, எழுத்தாலேயே ஆன ஓர் உலகம். அந்த வழியில் 1993-இல் எம்.ஐ.டி.யில் ஏமி பிரக்மன் தொடங்கியது மீடியாமூ. மாநாடுகளில் மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்த ஊடக ஆய்வாளர்கள் மாநாடுகளுக்கு இடையிலும் பேசிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். படம் கிடையாது, குரல் கிடையாது. ஓர் அறைக்குள் போனால் அந்த அறையின் வருணனையும் அங்கிருப்பவர்களின் பெயர்களும் திரையில் வரும், அவ்வளவுதான். ஆனாலும் கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சி அளித்த ஆசிரியர்கள் செவ்வாய்தோறும் அங்கே கூடித் தொழில் பேசினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. மெய்நிகர் உலகத்தைப் பணியாளர்கள் ஏற்பதும் மறுப்பதும் காட்சியின் தத்ரூபத்தைப் பொறுத்ததல்ல, அங்கே போவதற்கு அவர்களுக்கென்று ஒரு காரணம் இருப்பதைப் பொறுத்தது என்று நான் கருதுவதற்கு இது முதல் சான்று.

இரண்டாவது சான்று ஐ.பி.எம். 2003-இல் லிண்டன் லேப் திறந்த செகண்ட் லைஃப் உலகில் ஐ.பி.எம். தீவுகளையே வாங்கிக் கட்டடம் எழுப்பியது. 2008 அக்டோபரில் அதன் தொழில்நுட்ப அகாதமி இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு அங்கே மாநாடு நடத்தி, 80,000 டாலர் செலவில் 3,20,000 டாலர் மிச்சம் பிடித்ததாக லிண்டன் லேப் அறிவித்தது. விற்றவர் சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது முந்தைய ஆண்டு நடந்தது. இத்தாலிய ஐ.பி.எம். ஊழியர்களின் ஆண்டு ஊக்கத்தொகை வெட்டப்பட்டபோது, 2007 செப்டம்பர் 27 அன்று தொழிற்சங்கத்தினர் அந்தத் தீவுகளிலேயே மறியல் செய்தார்கள். முப்பது நாடுகளிலிருந்து சுமார் 1,850 பேர் அவதார உருவில் பதாகை பிடித்து நின்றார்கள். சில வாரங்களில் ஐ.பி.எம். இத்தாலியின் தலைவர் பதவி விலகினார். ஊக்கத்தொகையும் திரும்பக் கிடைத்தது. நிர்வாகம் கட்டிய இடத்தைத் தொழிலாளர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்ட நாள் அது. ஏற்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்றைய கருவிகள் மோசம், அதனால்தான் மெய்நிகர் அலுவலகம் பரவவில்லை என்பார்கள். அதில் பாதி உண்மை. கருவி மேம்பட்ட பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டுமே. 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக், மெய்நிகர் காட்சித் தலைக்கவசம் அணிந்து கூட்டம் நடத்த ஹொரைசன் ஒர்க்ரூம்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, அந்நிறுவனத்தின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் உலகத்தை அதைக் கட்டும் ஊழியர்களே போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்று துணைத்தலைவர் ஒருவர் குறைப்பட்டு எழுதிய சுற்றறிக்கைகள் வெளிவந்தன. வால்மார்ட் 2018-இல் தன் கடைகளுக்கு 17,000 தலைக்கவசங்களை அனுப்பியதே என்று கேட்கலாம். அது பயிற்சிக்கு. திருநாள் விற்பனைக் கூட்டத்தைச் சமாளிக்கப் பழகுபவருக்குத் தன்னைச் சுற்றிக் கூட்டம் நிற்பது உதவும். வாராந்திரக் கணக்கைப் பேசும் ஐந்து பேருக்கு அந்தத் தேவை இல்லை, தொலைபேசியே போதும். நிறுவனங்களுக்கென்றே லிண்டன் லேப் 2009-இல் 55,000 டாலர் விலையில் செகண்ட் லைஃபின் தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அதைக் கைவிட்டது. மக்கள் தாமாக வந்துபோகும் செகண்ட் லைஃபோ, தொடங்கி இருபது ஆண்டுகளைக் கடந்தும் இயங்குகிறது.