இழைப்புளியும் இயந்திரமும்

நம் முன்னோரின் தச்சுத்தொழிலைப் பேசுங்கால் பேரூர்த் தேரையும் அவிநாசித் தேரையும் புகழ்ந்து அமைகின்றோம். இழைத்த பலகையின் முகத்தில் வடு விழாமற் காத்த நுண்ணறிவை மறந்துவிடுகின்றோம். அவ்வறிவே இன்றும் நம் இளைஞரின் கூலியையும் மானத்தையும் காப்பதாதலின், அதன் வரலாற்றைச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

இழைப்புளி என்பது இழைப்பு, உளி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. அதன் அலகு பலகைமேல் நேரே ஓடி நீண்ட சுருளாகச் சீவலை எடுக்கும். ஆனைமலைத் தேக்கில் பழகிய கொங்குநாட்டுத் தச்சர், மரத்தின் இழையோட்டத்தைக் கையால் தடவி அறிந்த பின்னரே இழைப்புளியைத் தள்ளுவர்.

இயந்திரத்தின் வழி வேறு. ஆங்கில நாட்டில் சாமுவேல் பெந்தாம் 1791-இலும், ஜோசப் பிராமா 1802-இலும் மரம் இழைக்கும் பொறிகளுக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். அமெரிக்க நாட்டு வில்லியம் உட்வொர்த் 1828-இல், சுழலும் கத்திகளையும் பலகையை அழுத்திச் செலுத்தும் உருளைகளையும் ஒருங்கிணைத்துப் பட்டயம் பெற்றார். அவரது தனியுரிமை 1856-இல் முடிவுற்ற பின்னரே அம்முறை தடையின்றிப் பரவிற்று. கோயம்புத்தூரில் 1888-இல் ஸ்டேன்ஸ் நூலாலை எழுந்தது, 1926-இல் பூ. சா. கோ. தொழிற்பயிற்சிக்கூடம் தோன்றிற்று, 1932-இல் பைக்காரா மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. மின்விசை கிட்டியபின் தச்சுப்பட்டறைக்கும் இயந்திரம் எளிதாயிற்று.

சுழலும் கத்தியோ சீவுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறு குழிவாகக் கோதிச் செல்லும். நிமிடத்திற்கு 4,500 சுற்றும் 2 கத்தியும் உளவெனின் வெட்டுக்கள் 9,000. பலகை நிமிடத்திற்கு 30 அடி, அஃதாவது 360 அங்குலம் செல்லின், அங்குலத்திற்கு 25 வெட்டு விழும். கண்ணுக்கு அது சமனாகவே தோன்றும். ஒரு கத்தி மட்டும் சற்றே உயர்ந்து நிற்பின், அதன் தடமே எஞ்சி, எண்ணிக்கை பாதியாகும். பலகை அலையலையாகத் தெரியும்.

பைன், தேவதாரு முதலிய மென்மரங்களில் இக்கேடு மிகுதி. அவற்றின் ஆண்டுவளையத்தில் மெல்லிய பகுதியும் வலிய பகுதியும் மாறிமாறி அமைந்துள்ளன. மழுங்கிய கத்தி வலிய பகுதியை அதன்கீழுள்ள மெல்லிய பகுதிக்குள் அழுத்திவிடும். நாள் சென்று ஈரம் ஏறுங்கால், நசுங்கியது மீண்டெழுந்து வரிவரியாகப் புடைக்கும்.

அண்மையில் பள்ளியொன்றிற்கு அலமாரி செய்யப் பைன் பலகைகள் இழைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துப் பெறும் பொறுப்பு எம்மதாயிற்று. வார்னிஷ் பூசிய பலகைகளில் நகத்தாற் கிள்ளியதொத்த குழிகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. பட்டறையார் மரத்தைப் பழித்தனர். பின்னர் பொறியை ஓட்டிய நம் மரபின் இளைஞனைப் பழித்து அவன் கூலியிற் பிடித்தனர். யாம் அருகிருந்து நோக்கினோம். சீவலை இழுக்கும் குழாய் அடைபட்டிருந்தது. வெளியேறாத சீவல்கள் கத்தியோடு சுழன்று பலகைமேல் வீழ்ந்து அழுந்தின. குழாயைத் துப்புரவு செய்தபின், அதே கத்தி, அதே மரம், அதே இளைஞன். மறு பலகையில் ஒரு வடுவும் இல்லை. வார்னிஷ் பூசாத பலகைகளில் ஈரத்துணியிட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்க, நசுங்கிய நார்கள் எழுந்து பல குழிகள் மறைந்தன. பிடித்த கூலி மட்டும் திரும்பவில்லை.

ஆதலின், பொறியினருகே நிற்கும் நம் பிள்ளைகள் காரணம் கூற வல்லராதல் வேண்டும். கத்திகள் கூராகவும் ஒத்த உயரத்திலும் இருத்தல். இழையோட்டம் நோக்கிப் பலகையைச் செலுத்துதல். சீவல் வெளியேறும் வழியைக் காத்தல். விசையை நிறுத்தியபின், உருளையில் ஒட்டிய பிசினைத் துடைத்தல். முதல் பலகையைச் சாய்வெளிச்சத்தில் ஏந்தி ஆராய்தல்: இவை ஐந்தும் பழக்கமாகுக. மிக மெல்லிதாகச் சீவினும் உருளையின் பற்றடம் எஞ்சும் என்பதையும் அறிக.

பாட்டனார் விரலால் தடவி அறிந்ததைப் பேரன் காரணத்தோடும் அறிவானாயின், குற்றம் எங்குளது என்று காட்ட அவனுக்கு வாய் உண்டு. அவ்வாய் இல்லாதவன் மீதே பழி விழும்.