ரிப்பன் மாளிகையும் காலி நாற்காலிகளும்

ஆபீஸ் போகிற வழியில், பேகம்பேட்டில் பைகா அரண்மனை இருக்கிறது. போன வாரம் கூட வந்த ஹைதராபாத் நண்பர் பெருமையாக ஆரம்பித்தார். "பைகா பிரபு கட்டினது. அப்புறம் நகர வளர்ச்சி ஆபீஸ், 2008லிருந்து 2023 வரை அமெரிக்கத் துணைத் தூதரகம். உங்க மெட்ராஸ்ல இப்படி உண்டா?"

விடுவேனா! எங்கள் மாநகராட்சி பிரபு வீட்டை வாங்கிக்கொள்ளவில்லை, தனக்கென்றே ஒரு வெள்ளை மாளிகை கட்டிக்கொண்டது என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

சின்ன வயசில் அது தலையில் கட்டுகிற ரிப்பன் என்றுதான் நினைத்திருந்தேன் :) அது ரிப்பன் பிரபு. 1880 முதல் 1884 வரை வைஸ்ராய். ஊர்க் காரியங்களை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்களே பார்க்கட்டும் என்று 1882ல் தீர்மானம் கொண்டுவந்தவர். அவர் 1909 ஜூலையில் இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார்.

வரைபடம் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயருடையது. கட்டியவர் நம்ம லோகநாத முதலியார். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்திரம். நீளம் 85 மீட்டர், மணிக்கூண்டின் உயரம் 43 மீட்டர். நாலு வருஷ வேலை. மொத்தச் செலவு ஏழரை லட்சம், அதில் ஐந்தரை லட்சம் முதலியாருக்கு. 1913 நவம்பர் 26ல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார். எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த ஆபீஸ் இங்கே குடிவந்தது. 1920களின் தொடக்கத்தில் தியாகராயர் இங்கே தலைவராக இருந்தார். 1933ல் மேயர் பதவியும் வந்தது.

நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார். "சரி, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ மேயர் யாரு?"

முழித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் பகீரென்றது. 1973ல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996ல்தான். அதில்தான் ஸ்டாலின் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். நடுவில் 23 வருஷம்! நான் பிறந்து, படித்து, வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் வரை எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருத்தர் இல்லவே இல்லை. அப்படி ஒருத்தர் இருக்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததால் யாரையும் கேட்கவும் இல்லை.

அதோடு முடிந்ததா? 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை மறுபடியும் அதே கதை. அந்த வருஷங்களிலும் மாளிகையில் அதிகாரிகள் இருந்தார்கள், வரி வசூலானது, வேலை நடந்தது. ரிப்பன் எதற்காகத் தீர்மானம் போட்டாரோ அது மட்டும் உள்ளே இல்லை.

சாவி கொடுத்தால் ஓடுகிற கடிகாரம் அது. ஒவ்வொரு முறை சென்ட்ரலில் இறங்கும்போதும் அண்ணாந்து மணி பார்த்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது, உள்ளே நாற்காலிகளில் ஆள் இருக்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.