எழுதியது யார் என்று கேட்டவர்

1856ஆம் ஆண்டு ஓர் இரவு. இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்துக்குள் ஒரு பெண் கைவிளக்குடன் நின்றிருந்தார். காலடியில் ஷேக்ஸ்பியரின் கல்லறை. தன் எலும்புகளைத் தொடுபவரைச் சபிக்கும் வாசகம் பொறித்த கல் அது. நாடகங்களை எழுதியவர் வேறு யாரோ என்பதற்கான ஆவணங்கள் அதன் அடியில் இருப்பதாக அந்தப் பெண் நம்பினார். ஆனால் கல்லைப் பெயர்க்கவில்லை. விளக்கோடு திரும்பிவிட்டார்.

அவர் பெயர் டீலியா பேக்கன். 1811இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர். சமயப் பணி செய்த தந்தை, மகளின் ஆறு வயதில் குடும்பத்தை வறுமையில் விட்டு இறந்தார். அண்ணன் லியோனார்டு யேல் பல்கலைக்கழகத்தில் படித்துப் புகழ்பெற்ற போதகரானார். தங்கைக்குக் கிடைத்ததோ, கேதரின் பீச்சர் நடத்திய பெண்கள் பள்ளியில் சுமார் ஓராண்டுப் படிப்பு. பதினைந்து வயதில் ஆசிரியை வேலைக்குப் போய்விட்டார். யேல் தன் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969இல்தான். மிச்சத்தை டீலியா தானே படித்துக்கொண்டார். கதைகளும் நாடகமும் எழுதினார். வரலாறு பற்றிய அவருடைய உரைத்தொடர்களைக் கேட்க நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பெண்கள் திரண்டார்கள்.

ஷேக்ஸ்பியர் பற்றிய ஐயம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்திருக்கிறது. அதைப் பெரும் விவாதமாக்கியவர் டீலியா. 1856 ஜனவரியில் 'புட்நாம்ஸ் மந்த்லி' இதழில் கட்டுரை எழுதினார். மறு ஆண்டே பெரிய நூலொன்று வந்தது. நாவலாசிரியர் நாதனியல் ஹாதார்ன் முன்னுரை எழுதி, அச்சுச் செலவுக்கும் உதவினார். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காத நடிகர், இத்தனை தத்துவமும் அரசியலும் அறிந்திருக்க முடியாது என்பது டீலியாவின் வாதம். பிரான்சிஸ் பேக்கன், வால்டர் ராலே முதலான கற்றோர் குழு ஒன்று, முடியாட்சிக்கு எதிரான கருத்துகளை நாடகங்களுக்குள் ஒளித்துவைத்தது என்றார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் கதவு யாருக்குச் சாத்தப்பட்டிருந்ததோ, அவரே அந்தக் கதவுக்கு வெளியே அறிவு இருக்க முடியாது என்கிறார். தன்னை ஒதுக்கிய அளவுகோலையே கையிலெடுத்து இன்னொருவரை அளக்கிறார். அதே கோலால் அளந்தால் டீலியாவின் நூலையும் டீலியா எழுதியிருக்க முடியாது.

அவர் சொன்ன எல்லாமே வீண் அல்ல. இந்த நாடகங்கள் அரசியல் பேசுகின்றன, ஒரு தனிமனித மேதையின் படைப்பாக மட்டும் அவற்றைப் பார்க்கக் கூடாது என்றார். கூட்டுப் படைப்பு என்பது இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. 1634இல் அச்சான ஒரு நாடகத்தின் முகப்பிலேயே ஜான் ஃபிளெட்சர், ஷேக்ஸ்பியர் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் ஷேக்ஸ்பியரே எழுதவில்லை என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்ட ஹெமிங்ஸும் காண்டலும் அவரோடு மேடையேறிய நடிகர்கள். அவருடைய உயிலில் பெயர் குறிப்பிடப்பட்டவர்கள்.

நூல் வந்த 1857லேயே டீலியாவின் மனம் குலைந்தது. மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பிறகு அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டு, 1859இல் ஹார்ட்ஃபோர்டில் இருந்த மனநல விடுதியில் இறந்தார். அன்றிலிருந்து அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போனது. 'பைத்தியக்காரி' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஷேக்ஸ்பியரை மார்க் ட்வைனும் ஐயுற்றார், 1909இல் அதற்காகவே ஒரு சிறுநூல் எழுதினார். சிக்மண்ட் ஃபிராய்டு, ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வேர்தான் உண்மையான ஆசிரியர் என்று நம்பினார். அவர்களுடைய தவறு ஒரு மேதையின் விசித்திரமாக மன்னிக்கப்பட்டது. டீலியாவின் தவறு மட்டும் நோயின் அறிகுறியானது.

ஐயுறுவோர் இன்றும் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு. ரோசலிண்டுக்கும் போர்ஷியாவுக்கும் அத்தனை நாவன்மை தந்தவர், தன் மகளுக்கு எழுதக் கற்றுத்தராமல் இருந்திருப்பாரா? ஷேக்ஸ்பியரின் இளைய மகள் ஜூடித், ஆவணத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறியைத்தான் இட்டிருக்கிறார். இந்த வாதத்தை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரித்துவிடுகிறார்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மகளின் படிப்பை நிறுத்தும் ஆண்களை அவர்கள் அறிவார்கள். ஜூடித்தின் குறி ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்பதற்குச் சான்றல்ல. எழுதியவரின் வீட்டிலும் எழுத்து மகளுக்குரியதாக இல்லை என்பதற்குத்தான் சான்று. வர்ஜீனியா உல்ஃப் 1929இல் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கையைக் கற்பனை செய்தபோது அவளுக்கும் ஜூடித் என்றே பெயர் வைத்தார். கற்பனை ஜூடித்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். குறியிட்ட ஜூடித்தைப் பற்றிப் பேசியது குறைவு.

அண்மைக் காலத்தில் இந்த விவாதத்துக்குள் பெண்களின் பெயர்களும் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று எமிலியா லேனியர். வெனிஸிலிருந்து வந்த அரசவை இசைக்குடும்பத்தில் 1569இல் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலராக இருந்த ஹன்ஸ்டன் பிரபுவின் ஆசைநாயகியாக வாழ்ந்து, கருவுற்றதும் வேறொருவருக்கு மணமுடிக்கப்பட்டவர். 1973இல் ஏ.எல். ரௌஸ் என்ற வரலாற்றாசிரியர், ஷேக்ஸ்பியரின் ஈரேழ்வரிப் பாக்களில் வரும் கருநிறப் பெண் இவரே என்றார். பிறகு வந்த சிலர், நாடகங்களை எழுதியவரே இவர்தான் என்கிறார்கள்.

கேட்கும்போது நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் காதலியாக இருந்தாலும் மறைவில் எழுதியவராக இருந்தாலும், இரண்டு கதைகளிலும் எமிலியாவின் மதிப்பு ஷேக்ஸ்பியரிடமிருந்துதான் வருகிறது. எமிலியா 1611இல் தன் சொந்தப் பெயரில் ஒரு கவிதை நூல் வெளியிட்டவர். ஏவாள் மீது சுமத்தப்பட்ட பழியை அதில் திருப்பிக் கேட்டார். ஏவாள் அறியாமல் பழத்தைத் தின்றாள், ஆண்களோ அறிந்தே கிறிஸ்துவைக் கொன்றார்கள், அப்படியிருக்க எங்களை ஆள உங்களுக்கு என்ன உரிமை என்று பிலாத்துவின் மனைவியைப் பேசவைத்தார். நூலை அரசிக்கும் பிரபுக்குலப் பெண்களுக்கும் காணிக்கையாக்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1613இல், எலிசபெத் கேரி எழுதிய நாடகம் அச்சானது.

ஷேக்ஸ்பியரின் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைக்கும் அவசரத்தில் இந்தப் புத்தகங்களை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. டீலியா ஆதாரம் தேடிக் கல்லறைக்குப் போனார். எமிலியாவைத் தேட நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர் நூலை எழுதியது யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதை வாசித்தது யார் என்பதுதான் இனி நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.