ஆறு வடியும்வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூசிலாந்தில் ஆற்றில் மூழ்கிச் சாவதை 'நியூசிலாந்துச் சாவு' என்றே குடியேறிகள் அழைத்தார்கள். 1840 முதல் 1870 வரை ஆறுகளில் மூழ்கி இறந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். பழியை ஆறுகள்மேல் போடுவது எளிது. தென் தீவின் மலைத்தொடர் கடலின் ஈரக்காற்றை மறித்து நிற்பதால் அதன் மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. ஆறுகள் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. சில மணி நேர மழையில் பொங்கி, மழை விட்டதும் விரைவாக வடிந்துவிடும். ஆனால் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் இதே ஆறுகளைக் கடந்துதான், மேற்குக் கரையின் பச்சைக்கல்லைத் தலைமுறை தலைமுறையாக மலை தாண்டிச் சுமந்து வந்தார்கள். ஆகவே ஆற்றின் கொடுமையை மட்டும் சொன்னால் போதாது. கடக்கும் முறையையும் பார்க்க வேண்டும்.

மாவோரிகள் நீண்ட கழி ஒன்றை எல்லோருமாகப் பிடித்து, நீரோட்டத்துக்கு இணையாக வரிசையாக நின்று இறங்கினார்கள். முதலில் நிற்பவர் மேல்தான் முழு வேகமும் மோதும். அவருக்குப் பின்னால் தண்ணீர் தணியும். ஒருவர் கால் இடறினால் கழியும் மற்றவர்களும் தாங்குவார்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், இந்தக் கூட்டு பலம் சிறிய உதவி அல்ல. 1846இல் தாமஸ் பிரன்னருடன் மேற்குக் கரைக்கு நடந்த சார்லஸ் ஹீஃபி, மாவோரி வழிகாட்டி கேஹுவின் திறமைகளில் ஆற்றுத்துறையில் அவர் காட்டிய தேர்ச்சியையும் தனியாகப் பாராட்டி எழுதினார். 1863இல் ஹென்றி விட்கோம் என்ற நில அளவையாளரும் ஜேக்கப் லாப்பரும் அப்படிப்பட்ட வழிகாட்டி இல்லாமல் மலையைத் தாண்டினார்கள். உணவு தீர்ந்து, உடல் தளர்ந்து தாராமகாவ் ஆற்றை அடைந்தவர்கள், கரையில் கிடந்த இரண்டு உளுத்த ஓடங்களைச் சேர்த்துக் கட்டி இறங்கினார்கள். ஓடங்களில் தண்ணீர் ஏறியது. விட்கோம் மூழ்கி இறந்தார், லாப்பர் பிழைத்தார்.

மாவோரிகளும்தான் மூழ்கினார்கள், குடியேறிகள் பலருக்கு நீச்சலே தெரியாது, பொன் வேட்டையின் அவசரமும் குடிபோதையும் பலரைக் கொன்றன என்று மறுப்பு வரலாம். முதலாவது உண்மை, எந்த முறையும் உயிருக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் பனி உருகிய குளிர்நீரில், பாறைகளுக்கு நடுவே, பூட்ஸும் மூட்டையுமாகச் சிக்கியவருக்கு நீச்சல் எவ்வளவு உதவும்? அவசரமோ என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கடக்கும் முறையில் காத்திருப்பதும் அடங்கும். காத்திருக்க முடியாதவன்தான் கடக்கக் கூடாத நேரத்தில் இறங்குகிறான்.

1965இல் தொடங்கிய அந்நாட்டின் மலைப் பாதுகாப்பு மன்றம் இன்று கற்றுத்தரும் கூட்டுக் கடப்பும் இதே அடிப்படையில் நிற்பதுதான்: கைகோத்து, பலசாலி மேல்நீர்ப் பக்கம் நின்று, ஓட்டத்தோடு சாய்வாக நடப்பது. கயிற்றில் உடலைக் கட்டிக்கொள்வது ஆபத்து. விழுந்தவரைக் கயிறே தண்ணீருக்கடியில் பிடித்து வைத்துவிடும். மலைப்பாதைகளில் தொங்குபாலங்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பவர்கள், பெருவெள்ளம் பாலங்களையும் அடித்துச் செல்லும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மலைக்குப் போகிறவர்கள் திட்டத்தில் ஒரு நாளையும், மூட்டையில் அந்த ஒரு நாளுக்கான உணவையும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வடியும்வரை கரையிலேயே இருங்கள்.