பறித்தவர் யார், கொடுத்தவர் யார்: லாலா அமர்நாத்தின் கேப்டன் பதவி (1936–1952)

1952 அக்டோபர் 16 அன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் பாகிஸ்தான் தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆட இறங்கியது. அந்த அணியின் கேப்டன் அப்துல் ஹபீஸ் கர்தார். 1946-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் ஆடியவர் அவர். எதிரே இந்தியக் கேப்டனாக டாஸ் போட வந்தவர் 41 வயதான லாலா அமர்நாத். 1936-ல் ஒழுங்கீனம் என்று சொல்லி இங்கிலாந்துப் பயணத்தின் நடுவே இவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். 1949-ல் கேப்டனாக இருந்தபோதே கிரிக்கெட் வாரியம் இவருக்குத் தடை விதித்தது. இரண்டு முறை தலைகுனிய வைக்கப்பட்டவரிடமே சுதந்திர இந்தியாவின் மிக நெருக்கடியான தொடர் ஒப்படைக்கப்பட்டது.

களங்கப்பட்ட ஆட்டக்காரர் மீண்டும் தேசிய அணியின் கேப்டனாவதை விளையாட்டு எழுத்தாளர்கள் பெரும்பாலும் மன்னிப்பின் கதையாகவே எழுதுவார்கள். அமர்நாத்தைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 1936 முதல் 1952 வரையான நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தலைமை நாற்காலியில் இருந்த ஆள் மாறியபோதும், அணி முட்டுச்சந்தில் நின்றபோதும்தான் அமர்நாத்துக்கு அழைப்பு வந்தது. அவர் குணம் மாறிவிட்டதென்று யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அது மாறவும் இல்லை.

லார்ட்ஸ் மைதானம், 1936

கபூர்தலாவில் பிறந்து லாகூரில் ஆடி வளர்ந்தவர் அமர்நாத். 1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே 118 ரன் எடுத்தார். இந்தியர் ஒருவர் அடித்த முதல் டெஸ்ட் சதம் அது. அப்போது அவருக்கு 22 வயது. பாராட்டும் பரிசும் குவிந்தன. அரச குடும்பம் எதையும் சேராத ஒரு பஞ்சாபி இளைஞன் ஒரே நாளில் நாடறிந்த பெயரானான். பின்னால் வந்த சிக்கல்களுக்கு விதை இங்கேயே விழுந்தது என்று நினைக்கிறேன்.

அன்றைய இந்தியக் கிரிக்கெட் சமஸ்தானங்களின் பணத்தில் ஓடியது. பணம் கொடுத்தவருக்குக் கேப்டன் பதவி என்பது எழுதாத விதி. 1932 பயணத்தில் கேப்டனாகப் போன போர்பந்தர் மகாராஜா தன் ஆட்டத்தின் அளவு தெரிந்தவர். லார்ட்ஸ் டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டு சி. கே. நாயுடுவிடம் அணியைக் கொடுத்தார். 1936 பயணத்தின் கேப்டனான விஜயநகரம் மகாராஜ்குமாருக்கு, விஸ்ஸிக்கு, அந்தப் பெருந்தன்மை இல்லை. வேலைக்காரர்கள் இரண்டு பேரோடும் 36 பெட்டிகளோடும் அவர் கப்பலேறினார் என்று சொல்வார்கள். மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். பயணத்தின் நடுவில் அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

அதே அணியில் சென்னையிலிருந்து போனவர்கள் இருவர். சி. ராமசாமி நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடி, மான்செஸ்டரில் 40-ம் 60-ம் எடுத்தார். எம். ஜே. கோபாலன் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு இந்தப் பயணத்துக்கு வந்தார். அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. விஸ்ஸியின் அணித் தேர்வைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் மாதம் வரை அந்தப் பயணத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் அமர்நாத். 600 ரன்னுக்கு மேல் எடுத்திருந்தார், 30 விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியிருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கவுன்டீஸ் அணியோடு ஆட்டம். பேடு கட்டித் தயாராக இருக்கும்படி அவரிடம் சொன்னார்கள். ஒரு விக்கெட் விழுந்தது. வேறொருவரை அனுப்பினார் விஸ்ஸி. அடுத்த விக்கெட்டுக்கும் வேறொருவர். பேடு கட்டியபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவரை நாள் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது உள்ளே அனுப்பினார்கள். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பியவர் பேடுகளைக் கழற்றி வீசினார். பஞ்சாபியில் ஏதோ சொன்னார். அறையில் விஸ்ஸி இருந்தார். மேலாளரான மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸ் காதுக்கும் விஷயம் போனது. சக வீரர்கள் பரிந்து பேசியும் பயனில்லை. முதல் டெஸ்டுக்குச் சில நாட்களே இருக்கையில், கைசர்-இ-ஹிந்த் என்ற கப்பலில் அமர்நாத்தை ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய அணி அந்தத் தொடரை 2–0 என்று தோற்றது.

ஊரில் கொதிப்பு அடங்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமாண்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. களத்தில் ஆட்களை நிறுத்தவோ பந்துவீச்சை மாற்றவோ விஸ்ஸிக்குத் தெரியவில்லை, ஆட்டக்காரர்களை ஓர் ஒழுங்கான வரிசையில் இறக்கவும் இல்லை என்று அது சொன்னது. அமர்நாத்தின் மேல் இருந்த களங்கம் விலகியது. ஆனால் அறிக்கையால் டெஸ்ட் ஆட்டத்தைத் திருப்பித் தர முடியவில்லை. உலகப் போர் குறுக்கிட்டது. 1934-ல் மூன்றாவது டெஸ்ட் ஆடியவர் நான்காவது டெஸ்ட் ஆட 1946 வரை காத்திருந்தார். 22 முதல் 34 வரை, ஓர் ஆட்டக்காரரின் உடம்பு ஒத்துழைக்கும் ஆண்டுகள் அத்தனையும் போயின. 1946 ஜூனில் அதே லார்ட்ஸ் மைதானத்தில் அவர் ஐந்து விக்கெட் எடுத்தார்.

டி மெல்லோவின் காலம்

1938 முதல் 1946 வரை வாரியத் தலைவராக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமரும் குமாரமங்கலம் ஜமீன்தாருமான ப. சுப்பராயன். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஆன்டனி டி மெல்லோ. 1928-ல் வாரியம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளர் இவர்தான். பம்பாயில் பிரபோர்ன் ஸ்டேடியம் எழுந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியக் கிரிக்கெட்டைத் தான் பெற்று வளர்த்த பிள்ளையாக நினைத்தவர் என்று சொன்னால் மிகையில்லை.

1947–48 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் கேப்டனாக அறிவிக்கப்பட்டவர் விஜய் மெர்ச்சன்ட். உடல்நலக் காரணத்தால் அவர் விலகவே, துணைக் கேப்டனாக இருந்த அமர்நாத்துக்குப் பதவி வந்தது. இதையும் மன்னிப்பு என்று சொல்ல முடியாது. இடம் காலியானது, அடுத்து நின்றவர் ஏறினார். நாடு பிரிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். வேகப்பந்து வீச்சாளர் பசல் மஹ்மூத் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டார். பிராட்மேனின் அணியிடம் இந்தியா 4–0 என்று தோற்றது. விக்டோரியா மாநில அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 228 ரன் எடுத்த அமர்நாத், டெஸ்டுகளில் சோபிக்கவில்லை. ஆனாலும் அவர் அணியை நடத்திய விதத்தை பிராட்மேனே பாராட்டி எழுதினார்.

1948–49-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தது. சேப்பாக்கத்தில் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது. கடைசி டெஸ்ட் பம்பாயில். வெற்றி இலக்கு 361. இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 355 எடுத்திருந்தபோது நடுவர் நேரம் முடிந்துவிட்டதென்று பெயில்ஸைத் தட்டிவிட்டார். இன்னும் ஒன்றரை நிமிடம் மீதி இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. ஆறு ரன்னில் தொடரைச் சமன் செய்யும் வாய்ப்பு போனது.

அந்தத் தொடர் முழுக்க டி மெல்லோவுக்கும் அமர்நாத்துக்கும் உரசல்தான். தேர்விலும் ஏற்பாடுகளிலும் வாரியத் தலைவர் தலையிட்டதாகக் கேப்டன் குறைப்பட்டார். கேப்டன் அடங்க மறுப்பதாகத் தலைவர் குறைப்பட்டார். 1949-ல் தொடர்ந்த தவறான நடத்தை, ஒழுங்கு மீறல் என்ற காரணங்களைக் காட்டி அமர்நாத்தை வாரியம் விலக்கியது. குற்றப் பட்டியல் நீளமானது. பண முடிப்பு வாங்கிய விவகாரமும் அதில் இருந்தது. அமர்நாத்தும் சும்மா இருக்கவில்லை. நீண்ட மறுப்பு எழுதிப் பத்திரிகைகள் வரை கொண்டுபோனார்.

1936-ஐயும் 1949-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் அதிகாரம் அரண்மனையிடமும் வெள்ளைக்கார மேலாளரிடமும் இருந்தது. இரண்டாவதில் அது வாரிய அலுவலகத்துக்கு வந்துவிட்டது. நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. குற்றச்சாட்டின் வாசகம் மட்டும் மாறவில்லை. ‘ஒழுங்கீனம்’ என்பது அந்த நாளில், மேலே இருப்பவருக்கு எதிர்ப்பேச்சு பேசியதைக் குறிக்கும் நிர்வாகச் சொல்லாகவே புழங்கியது. அமர்நாத் கரடுமுரடானவர், நாக்கில் கட்டுப்பாடு இல்லாதவர் என்பதை அவருடைய அபிமானிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே நாக்கு அவரைக் கேப்டனாக்கியபோதும் இருந்தது.

1951-ல் டி மெல்லோ பதவி இழந்தார். ஜே. சி. முகர்ஜி தலைவரானார். 1951–52-ல் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் அமர்நாத் மீண்டும் ஆடினார், ஆனால் விஜய் ஹசாரேயின் தலைமையில், சாதாரண வீரராக. 1952 பிப்ரவரி 10-ல் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். வென்ற பதினொரு பேரில் அமர்நாத்தும் ஒருவர், சென்னையின் சி. டி. கோபிநாத்தும் ஒருவர்.

1952: தேவை அழைத்தது

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. கோடையில் இங்கிலாந்துக்குப் போன ஹசாரேயின் அணியில் அமர்நாத் இல்லை. லீட்ஸில் இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்கிய இந்தியா, ஒரு ரன்கூட எடுக்கும் முன் நான்கு விக்கெட்டை இழந்தது. மான்செஸ்டரில் ஒரே நாளில் இரண்டு முறை சுருண்டது, 58-க்கும் 82-க்கும். தொடர் 3–0. வேகப்பந்து வீச்சாளர் டிரூமன் ஓடி வருவதைப் பார்த்தே நம்மவர்கள் ஸ்கொயர் லெக் பக்கம் ஒதுங்கினார்கள் என்று இங்கிலாந்தில் கிண்டல் செய்தார்கள்.

அடுத்து வரவிருந்தது பாகிஸ்தான். பிரிந்து ஐந்தே ஆண்டு. தோற்றால் வாரியம் வெளியே தலைகாட்ட முடியாது. லாகூரில் வளர்ந்த, எதிரணிக்காரர்களின் ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து அறிந்த, யாருக்கும் அஞ்சாத கேப்டன் ஒருவர் தேவைப்பட்டார். மூன்று ஆண்டு முன் குற்றமாக எழுதப்பட்ட குணம் இப்போது தகுதியானது.

டெல்லியில் மன்கட் 13 விக்கெட் எடுக்க, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி. லக்னோவில் நிலைமை தலைகீழ். ஹசாரே, மன்கட், ஹேமு அதிகாரி மூவரும் ஆடாத அந்த டெஸ்டில், சணல் விரிப்புப் போட்ட ஆடுகளத்தில் பசல் மஹ்மூத் 12 விக்கெட் வீழ்த்தினார். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. இரண்டாம் இன்னிங்ஸில் அசையாமல் நின்று 61 எடுத்தவர் கேப்டன் மட்டுமே. பம்பாயில் ஹசாரேயும் உம்ரிகரும் சதம் அடிக்க, பத்து விக்கெட் வெற்றி. சேப்பாக்கத்தில் மழை, கல்கத்தாவிலும் ஆட்டம் டிரா. தொடர் 2–1. இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் இதுதான்.

பரிசு என்ன? சில வாரங்களில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிய அணிக்கு மறுபடியும் ஹசாரே கேப்டன். கல்கத்தா டெஸ்டே அமர்நாத்தின் கடைசி டெஸ்ட். கேப்டனாக ஆடிய 15 டெஸ்டில் 2 வெற்றி, 6 தோல்வி, 7 டிரா. அந்த இரண்டு வெற்றியும் கடைசி ஐந்து டெஸ்டில் வந்தவை.

ஓர் ஒப்பீடு: ஜான் டெரி

இந்த வடிவம் இந்தியாவுக்கோ கிரிக்கெட்டுக்கோ மட்டும் உரியதல்ல என்பதற்கு இங்கிலாந்துக் கால்பந்தே சாட்சி. தனிவாழ்க்கை பற்றிய பத்திரிகைச் செய்திகளால் 2010 பிப்ரவரியில் ஜான் டெரியிடமிருந்து கேப்டன் பட்டையைப் பயிற்சியாளர் பாபியோ கபெல்லோ பறித்தார். ரியோ பெர்டினாண்டுக்குக் கொடுத்தார். பெர்டினாண்டுக்குக் காயம்மேல் காயம். அவருக்குப் பதிலாக உலகக் கோப்பையில் தலைமை வகித்த ஜெரார்டும் 2011 மார்ச்சில் காயத்தில் இருந்தார். பட்டை கைக்குக் கை மாறியதில் சலித்துப்போன கபெல்லோ, கார்டிப் நகரில் வேல்ஸுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு முன் டெரியையே மீண்டும் கேப்டனாக்கினார். இங்கிலாந்து 2–0 என்று வென்றது. இங்கும் மனமாற்றத்தைவிட மாற்று ஆள் இல்லாததே பெரிய காரணம்.

ஆனால் டெரிக்குப் பட்டையைத் திருப்பிக் கொடுத்தவரின் கையும் முழுச் சுதந்திரமானதாக இல்லை. 2011 அக்டோபர் ஆட்டமொன்றில் எதிரணி வீரரை இனம் சொல்லி இழிவுபடுத்தியதாக டெரி மீது வழக்கு வந்தது. 2012 பிப்ரவரியில் கபெல்லோவைக் கலக்காமலே கால்பந்துச் சங்கம் டெரியை நீக்கியது. சில நாட்களில் கபெல்லோவும் பதவி விலகினார். ஜூலையில் நீதிமன்றம் டெரியை விடுவித்தது. செப்டம்பரில் சங்கத்தின் ஒழுங்குக் குழு அவரைக் குற்றவாளி என்று கண்டு நான்கு ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. குற்றச்சாட்டின் கனத்தில் டெரியும் அமர்நாத்தும் ஒரே தட்டில் நிற்பவர்கள் அல்லர். பதவி யாருடைய சொத்து என்ற கேள்வியில் மட்டும் இருவர் கதையும் ஒன்று.

ஏதோ ஒரு மலையூரில், கிடைத்த சமதரையில் ஆடும் உள்ளூர் அணியில், கேப்டனை மாற்றுவதும் திரும்ப வைப்பதும் ஆடுகிற பதினொரு பேர்தான். காலையில் சண்டை, சாயங்காலம் சமாதானம். தேசிய அணியில் அந்தப் பதினொரு பேருக்கு வாக்கே இல்லை. 1936-ல் சக வீரர்கள் அமர்நாத்துக்காகப் பரிந்து பேசியும் கப்பல் புறப்பட்டதற்கு அதுவே காரணம்.

நாற்காலியில் அமர்நாத்

ஆட்டத்தை விட்ட பிறகு அமர்நாத் தேர்வுக்குழுவுக்கு வந்தார். 1959 டிசம்பரில் கான்பூர் டெஸ்டுக்கு ஜசு பட்டேலைப் பிடிவாதமாகச் சேர்த்தவர் அவர்தான். பட்டேல் 14 விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முறையாக வீழ்த்தியது. 1991-ல் பத்மபூஷண் வந்தது. 2000 ஆகஸ்ட் 5-ல் டெல்லியில் காலமானார்.

அமர்நாத்தைப் பற்றிய புகழுரைகளில் பெரும்பாலும் விடுபடும் தொடர் ஒன்று உண்டு. 1958–59-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியா ஐந்து டெஸ்டில் நான்கு கேப்டன்களை மாற்றியது: உம்ரிகர், குலாம் அகமது, மன்கட், அதிகாரி. அணித் தேர்வில் வாரியத் தலைவர் தலையிட்டதால் சென்னை டெஸ்டுக்கு முந்தைய இரவில் உம்ரிகர் தலைமையை உதறினார். அப்போது தேர்வுக்குழுவின் தலைவர் லாலா அமர்நாத்.